பாடாதபோதும் சுடும் பெட்டி

"என்னையே ஒரு தடவை பாத்துட்டு சரின்னு தலையாட்டுன ஆளு நீங்க. இந்தப் பொட்டிய இன்னும் எத்தனை நாளைக்குப் பாத்துக்கிட்டே இருப்பீங்க?"

டீத் தம்ளரை நீட்டியபடி மனைவி கேட்டாள். ரொட்டிக்காரர் தம்ளரை வாங்கிக்கொண்டு மறுபடி பெட்டிப் பக்கமே திரும்பினார்.

மாடி முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு நீள மேசை. அதன் மேல் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தன. இரண்டும் இரவல். ஒன்று கறுப்பு, ஒல்லி, ரிமோட் உண்டு. எவ்வளவு சத்தம் வைத்தாலும் அதன் மேல்மூடி ஜில்லென்றே இருக்கும். இன்னொன்றை மாடிக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சீப்புப் பல்லைப் போல அலுமினியத் தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். ரிமோட் கிடையாது. சுவிட்சைப் போட்டால் போதும், பாடினாலும் பாடாவிட்டாலும் சுடும்.

இரண்டையும் கொண்டுவந்து வைத்தவரின் நிஜப்பெயர் அவர் வீட்டுக்கே மறந்துபோயிருக்கும். ஊருக்கு அவர் சால்டரிங். கையில் எப்போதும் ஈயம் உருக்கிய வாசனை. பின்கட்டில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயர் செய்வார், பழுது பார்ப்பார், விற்பார். விற்பதில்தான் அவருக்கு அவ்வளவாக ஆர்வம் கிடையாது. வந்தவரிடம் விளக்கம் சொல்லிச் சொல்லியே பாதிப் பேரைத் துரத்திவிடுவார். பெட்டிகளை இறக்கி வைத்த அன்றும் விளக்கம்தான்.

"அண்ணே, சாதாரண ஆம்ப்ளிஃபயர்ல ரெண்டு ஆளு மாத்தி மாத்தி வேலை பாப்பான். ஒருத்தன் தள்ளுவான். அவன் ஓய்ஞ்சதும் இன்னொருத்தன் இழுப்பான். கை மாத்துற இடத்துல லேசா ஒரு நெருடல் வரும். நல்ல கம்பெனிக்காரன் அதைப் பெரும்பாலும் மறைச்சிருவான், இந்தக் கறுப்பு மாதிரி. ஆனா இந்தச் சுடுற பொட்டி கிளாஸ் ஏ, இதுல ஓயறதுங்கிற பேச்சே இல்ல. பாட்டு இருக்கோ இல்லையோ, எல்லாரும் முழு நேரமும் நின்னுக்கிட்டே இருப்பாங்க. கை மாத்துறதே கிடையாது. அதான் குரல் அப்படி வழவழன்னு வருது. அதான் இந்தச் சூடு."

"அப்போ வேலை இல்லாதப்பவும் சம்பளம் வாங்குற ஆளுன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.

சால்டரிங் வாய்விட்டுச் சிரித்தார். ரொட்டிக்காரரும் சிரித்துவைத்தார். அவள் மனதில் ஒன்றுமில்லாமல்தான் சொன்னாள் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் அது நேராக வந்து அவர் மேல்தான் விழுந்தது.

"வாட்டு கம்மின்னியே, போதுமா?" என்று கேட்டார் ரொட்டிக்காரர்.

"இந்த ஸ்பீக்கருக்கா? அண்ணே, சினிமாக் கொட்டகைய இடிக்கும்போது நீங்க தூக்கிட்டு வந்த ஸ்பீக்கர் இது. காதுல ரகசியம் சொன்னாக்கூட ஊருக்குக் கேக்குற மாதிரி சொல்லும். அதுக்கு இது ஜாஸ்தி. ஒண்ணே ஒண்ணு. போட்ட உடனே பாட்டு வைக்காதீங்க. ஒரு மணி நேரமாவது சூடேறட்டும். மேல எதையும் வைக்காதீங்க. மூச்சு முட்டிரும்."

"அடுப்பு சூடேறாம ரொட்டி போடுவாங்களா? எனக்கே பாடமா?"

"பாடம் இல்லண்ணே. ரெண்டையும் வச்சுக் கேளுங்க. எது வேணும்னு ஒரு வாரத்துல சொல்லுங்க. அவசரமே இல்ல."

அந்த ஒரு வாரம் போய், அடுத்த வாரமும் பாதி கழிந்திருந்தது.

அவருக்கு எது பிடித்திருந்தது என்று கேட்டால் பதில் சுலபம். ஒரு பெண்குரலும் ஒரு வயலினும் மட்டும் உள்ள இசைத்தட்டு ஒன்று அவரிடம் இருந்தது. கறுப்புப் பெட்டியில் போட்டால் அந்த அம்மா நன்றாகத்தான் பாடினாள், ஸ்பீக்கருக்குள் இருந்து. சூட்டுப் பெட்டியில் போட்டபோது அவள் இறங்கிவந்து அறை நடுவில் நின்றுவிட்டாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் மூச்சு இழுப்பது கேட்டது. அதைக் கேட்டுக்கேட்டு அவரும் அவளோடு சேர்ந்து இழுத்துப் பார்த்தார். அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள், அவருக்கு இருமல் வந்துவிட்டது.

பிடித்தது இதுதான். ஆனாலும் இது போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குக் காரணம் பெட்டியில் இல்லை, மாடிப்படிக்குக் கீழே இருந்தது.

*

கீழே ரொட்டிக்கடை. கடைக்குப் பின்னால் மாவு பிசையும் இடம், அதற்கும் பின்னால் அடுப்பு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் அங்கேதான் நின்றார். இரண்டு வருடமாகவே மூச்சிரைப்பு. அடுப்புப் புகைதான் காரணம் என்று அவரே தீர்மானித்து, பழைய செங்கல் அடுப்பை இடித்துவிட்டுக் கரண்டு அடுப்பு வாங்கிப் போட்டார். பளபளவென்று எஃகு. உள்ளே என்ன கொதித்தாலும் வெளியே கை வைத்தால் சுடாது. அதைப் போட்ட பிறகும் இருமல் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் தெரிந்தது, புகை இல்லை, மாவு. இத்தனை வருடம் உள்ளே போன மாவுத்தூசி.

"இனிமே மாவு பறக்குற இடத்துல நிக்கவே கூடாது. கொஞ்ச நேரம்கூட" என்றார் டாக்டர்.

"ரொட்டிக்கடையில மாவு பறக்காத இடம் எது சார்?" என்று கேட்டார் ரொட்டிக்காரர்.

"மாடி" என்று டாக்டருக்குப் பதிலாக மகள் சொன்னாள்.

அன்றைக்குத் தொடங்கியது. கடையை மகள் எடுத்துக்கொண்டாள். கெட்டிக்காரி. பன்னும் கேக்கும் அப்பா காலத்தைவிட வேகமாகவே விற்றன. ஆனால் அவர் சும்மா இருப்பாரா? பல் துலக்கினதும் இறங்கிவிடுவார். "தண்ணி கம்மியா இருக்கு பாரு", "தட்டுல எண்ணெய் பத்தல" என்று ஆரம்பிப்பார், இருமலில் முடிப்பார். மாவு பிசைகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு அவருக்கு முதுகைத் தடவிக் கொடுப்பார்கள். ஒருநாள் இருமி இருமி உதடு நீலம் பாரித்துவிட்டது. மறுநாள் பிசையும் இடத்துக் கதவில் உள்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் முளைத்திருந்தது.

"அப்பா, கோச்சுக்காதீங்க. உங்களுக்கு ரொம்ப நாளா ஆசைதானே, பாட்டுப் பொட்டி. நல்லதா பாத்து வாங்கிக்கங்க. எது வேணும்னாலும். நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

அவள் அன்போடுதான் சொன்னாள். அவரும் அதை அன்பாகத்தான் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். ஆனால் பெட்டியை வாங்கி, ஸ்பீக்கரை மாட்டி, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டால் ஆயிற்று. இனி அவர் மாடியில் பாட்டுக் கேட்கிற ஆள். தேர்ந்தெடுக்காமல் இருக்கும்வரை தற்காலிகமாகத்தான் மேலே இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளலாம். அதனால்தான் அவர் கறுப்பைப் போட்டார், சூட்டைப் போட்டார், மறுபடி கறுப்பைப் போட்டார்.

இதில் பெரியம்மா விஷயம் வேறு.

பெரியம்மா என்றால் ஆள் இல்லை. ஒரு கண்ணாடி ஜாடி நிறையப் புளித்த தாய்மாவு. கடை தொடங்கிய காலத்திலிருந்து தினமும் கொஞ்சம் எடுத்து ரொட்டி மாவில் கலப்பார்கள். மீதிக்குப் புது மாவும் தண்ணீரும் குழைத்து ஊட்டுவார்கள். அது பொங்கி எழும்பும். மறுநாள் மறுபடி. பன்னுக்கெல்லாம் பாக்கெட் ஈஸ்ட் போதும். முறுகின மேல்தோலோடு வருகிற அந்தப் பெரிய ரொட்டிக்கு மட்டும் பெரியம்மாதான் வேண்டும். கடையின் பேரே அந்த ரொட்டியால்தான். "பெரியம்மா சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த வீட்டில் மற்றவர்கள் சாப்பிட உட்காருவார்கள்.

அவர் மாடி ஏறின பிறகு பெரியம்மா படுத்துவிட்டாள். குளிர்காலம் வந்ததும் சுத்தமாக எழும்பவில்லை. ரொட்டி செங்கல்லாக வந்தது. எதிர்க்கடைத் தையல்காரம்மா ஒன்றை வாங்கி, "காத்துல கதவு அடிச்சுக்குது, முட்டுக் கொடுக்க ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் மாவை மாற்றிப் பார்த்தாள், தண்ணீரை மாற்றிப் பார்த்தாள், வேளைக்கு இரண்டு தடவை ஊட்டிப் பார்த்தாள். அப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை. தாழ்ப்பாள் போட்டவள் எந்த முகத்தோடு போய்க் கேட்பாள்?

அவரும் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு ஒன்றும் தெரியவும் தெரியாது. அதெல்லாம் கை என்று நினைத்திருந்தார். தன் கை. அந்தக் கை போனதும் பெரியம்மாவும் போகிறாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தத்துக்கு அடியில் துளி சந்தோஷமும் இருந்தது. அதை அவர் தனக்குத்தானே கூட ஒப்புக்கொள்ளவில்லை. ரொட்டி செங்கல்லாக மேலே வந்த ஒவ்வொரு நாளும் மென்று மென்று தின்றார். ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

*

அந்தப் புதன்கிழமை மதியம் மூவரும் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே தூறல். மகள் ரொட்டியைப் பிட்டாள். பிய்யவில்லை. கத்தியை எடுத்தாள்.

"நாளைக்கு அதைக் கொட்டிடறேன்."

"எதை?" என்றாள் அம்மா.

"பெரியம்மாவைத்தான். செத்துப்போனதை வச்சு எத்தனை நாளைக்கு ஊட்டுறது? இனிமே எல்லாத்துக்கும் பாக்கெட் ஈஸ்ட்டே போட்டுக்கலாம். வேற கடையில எல்லாம் அதானே போடறாங்க."

"அப்புறம் அந்த ரொட்டி?"

"அந்த ரொட்டி கிடையாது."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஏதாவது சொல்லுங்களேன்."

"நான் என்னத்த சொல்றது? கடை உன்னுது."

"அப்படிச் சொன்னா?"

"அப்படின்னா அப்படித்தான்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கத்தியை மேசையில் வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. படியில் இறங்கும்போது நின்று, "ஜாடிய நீயே கழுவிடும்மா, என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் குரலில் கோபம் இல்லாததுதான் அவருக்கு உறுத்தலாக இருந்தது.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்றாள் மனைவி. "புள்ள எத்தனை ஏங்கிக் கேட்டா."

"எனக்குத் தெரிஞ்சா சொல்லமாட்டேனா?"

"தெரியலைன்னாவது சொல்லியிருக்கலாம்ல?"

*

வியாழக்கிழமை அவருக்கு ஆஸ்பத்திரியில் ஊதிப் பார்க்கிற நாள். திரும்பி வந்ததும் நிதானமாக ஒரு தட்டு கேட்கலாம் என்று, புறப்படும்போதே சூட்டுப் பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனார். அங்கே குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். ஊது, ஊது, இன்னும் ஊது என்று நர்ஸம்மா கிரிக்கெட் பார்க்கிறவள் மாதிரி கத்தினாள். ஊதினார். முன்னைக்கு மோசமில்லை, ஆனால் தேறவும் இல்லை என்றார்கள். மாவுப்பக்கம் போகலைதானே என்று கேட்டார்கள். மாடியிலதான் இருக்கேன் என்றார்.

திரும்பிவர மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. படி ஏறும்போதே வாசனை வந்தது. கீழேயிருந்து வருகிற வாசனை இல்லை. புளிப்பும் வறுபட்ட வாசனையும் கலந்து, பழைய நாள் மாதிரி, மேலேயிருந்து வந்தது. ரேழியைத் தாண்டி முன்னறைக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சூட்டுப் பெட்டியின் மேல் மனைவியின் கட்டம்போட்ட துண்டு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் பெரியம்மா. மூடியிருந்த துணியைத் தள்ளிவிட்டு, ஜாடியின் கழுத்தைத் தாண்டி, நுரைத்து நுரைத்துப் பொங்கி வழிந்துகொண்டிருந்தாள். துண்டு நனைந்து, பெட்டியின் மேல்மூடியில் ஓடி, பக்கத் தகடுகளுக்கு நடுவில் இறங்கி, அங்கேயே காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. மேல்மூடித் துளை வழியாக உள்ளேயும் ஒழுகியிருந்தது. உள்ளே எங்கேயோ ஒரு சொட்டு முறுகிக்கொண்டிருந்தது. அதுதான் வாசனை.

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். இரவல் பெட்டி. எதையும் மேலே வைக்காதீங்க என்று சால்டரிங் எத்தனை தடவை சொன்னார்! ஆனாலும் அவர் கண் பெட்டியில் இல்லை. ஜாடியில் இருந்தது. உள்ளே ஒவ்வொரு குமிழும் பெரிசு பெரிசாக எழும்பி, உடைந்து, மறுபடி எழும்பியது.

என்ன நடந்திருக்கும் என்று அவருக்குத் துண்டைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கழுவச் சொன்ன ஜாடியைக் கழுவ மனசு வராமல், கடைசியாக ஒரு வாய் ஊட்டி, மகள் கண்ணில் படாமல் மேலே கொண்டுவந்து, கிடைத்த இடத்தில் வைத்திருக்கிறாள். ஊரில் வேறு எவளாவது ஆம்ப்ளிஃபயர் மேல் மாவுப் பாத்திரத்தை வைப்பாளா? ரொட்டிக்காரன் பெண்டாட்டி வைப்பாள்.

வாசனை மகளையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. கையில் மாவு துடைக்கிற துணியோடு வாசலில் நின்றாள். ஜாடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"எப்ப எடுத்து வந்தீங்க?"

அவர் வாயைத் திறந்தார்.

"ஒரு மாசம்" என்றாள் அவள். "ஒரு மாசமா நான் மாத்தி மாத்தி ஊட்டுறேன். ஒரு குமிழ் வரல. உங்க கை பட்டதும் வழியுது." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. "எனக்கு வராதுப்பா. மத்ததெல்லாம் வரும். இது வராது. நீங்க சொல்லாட்டியும் எனக்குத் தெரியும்."

இந்த வார்த்தைக்குத்தான் அவர் இத்தனை நாளாகக் காத்திருந்தார். அந்த நிமிஷம் அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

"சரி சரி, அழாத" என்று மட்டும் சொன்னார்.

அவள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பெரியம்மாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

*

மாலையில் ஈரத்துணியும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு தகடுகளைத் துடைத்தார். பொருக்கு லேசில் வரவில்லை. பெட்டியை அணைத்து நேரமாகியும் தகட்டில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. கை அதிலேயே தங்கிவிட்டது. இந்தச் சூடு தெரிந்த சூடாக இருந்தது. எங்கே என்று யோசித்தார்.

பழைய அடுப்பின் மண்டை.

செங்கல் அடுப்பின் மேல்தளம். அதில் தீ இருந்தாலும் அணைந்தாலும் இப்படியேதான் இருக்கும். டீத் தம்ளரை அங்கே வைத்துவிட்டு மறந்தாலும் ஆறாது. மழைக்காலத்தில் ஈரச் சட்டை அங்கே காயும். பெரியம்மாவின் ஜாடி அங்கேதான் இருந்தது, வைக்க வேறு இடம் இல்லாததால். அடுப்பை இடித்தபோது ஜாடியை எடுத்து அலமாரியில் வைத்தவர் அவர்தான். ஜில்லென்ற சிமெண்டு அலமாரி. இத்தனை வருடம் கை கை என்று நினைத்ததெல்லாம் அந்த மண்டைதான். பெரியம்மாவைக் குளிரில் போட்டது மகள் இல்லை, அவரே.

பிரஷ்ஷைக் கீழே வைத்தார். வெட்கமாக இருந்தது.

மனைவி விளக்கைப் போட வந்தாள்.

"நான்தான் வச்சேன்னு அவகிட்ட சொல்லல" என்றாள் மெதுவாக. "நீங்கதான்னு நினைச்சுக்கிட்டிருக்கா. இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கும் ஏதாவது வேணும்ல."

"அவ அழுதா."

"பாத்தேன்."

"உனக்குச் சரின்னு படுதா?"

"எனக்குப் படுறதைக் கேட்டா நீங்க நடக்கப்போறீங்க?" என்றாள். "துண்டு போச்சு. நல்ல துண்டு."

*

மறுநாள் காலையில் சால்டரிங் வந்தார். பெட்டியைப் பார்த்ததும் மூடியைக் கழற்றினார். ஒரு மரக்குச்சியால் உள்ளே இருந்ததைச் சுரண்டி எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"அண்ணே, எலி விழுந்த பொட்டி பாத்திருக்கேன். டீ ஊத்துன பொட்டி பாத்திருக்கேன். ரொட்டி சுட்ட பொட்டிய இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"ஓடுமா?"

"ஓடும். ரெசிஸ்டர் மேல விழுந்திருக்கு, சுரண்டினாப் போச்சு. ஆனா இந்த வாசனை போகாது. சூடேறும்போதெல்லாம் அடிக்கும். இதை நான் இன்னொருத்தர்கிட்ட குடுக்க முடியாது."

"அப்போ முடிஞ்சுது" என்றாள் மனைவி. "இவர் மூணு மாசம் ஆனாலும் முடிவு பண்ணியிருக்கமாட்டார். பெரியம்மா ஒரே மத்தியானத்துல முடிவு பண்ணிட்டா."

சால்டரிங்குக்கு டீ கொண்டுவந்த மகளும் அங்கேதான் நின்றாள். ராத்திரி தூங்காத முகம்.

"ஆனா இவ்வளவு பொங்குமாண்ணே மாவு?" என்று சால்டரிங் குச்சியைக் காட்டினார். "என்ன மாயம் பண்ணீங்க?"

"அவர் கைராசி அப்படி" என்றாள் மகள். "எங்களுக்கெல்லாம் வராது."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் தொடவே இல்ல" என்றார் ரொட்டிக்காரர்.

மகள் நிமிர்ந்தாள்.

"நேத்து நான் வர்றதுக்குள்ள அதுவே வழிஞ்சிருந்தது. வச்சது உங்கம்மா. ஊட்டுனதும் அவதான். நீ கீழே குழைச்சு வச்ச மாவைத்தான் ஊட்டியிருக்கா. என் கை அதுல படவே இல்ல." இருமல் வந்தது. அடக்கிக்கொண்டார். "நேத்தே சொல்லியிருக்கணும். சொல்ல மனசு வரல. இங்க வா. இந்தத் தகட்டைத் தொடு. தம்பி, சுவிட்சைப் போடு, சூடேறட்டும்."

சால்டரிங் மூடியை மாட்டிச் சுவிட்சைப் போட்டார். நான்கு பேரும் ஒரு பெட்டி சூடேறுவதற்காகக் காத்திருந்தார்கள். டீ ஆறியது. யாரோ கீழே மணியடித்துக் கூப்பிட்டார்கள். "ரெண்டு நிமிஷம்!" என்று படிப்பக்கம் பார்த்துக் கத்தினாள் மகள். பிறகு கையை நீட்டித் தகட்டில் வைத்தாள். எடுக்கவில்லை.

"தெரியுதா?"

"அடுப்பு மண்டை" என்றாள். உடனே சொல்லிவிட்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு வந்து நனைந்த கையை அங்கேதான் வைத்துக்கொள்வாள்.

"அதேதான். அதை இடிச்சவன் நான். ஜாடியைக் குளிர்ல வச்சவனும் நான். நீ ஊட்டுனது சரியாத்தான் இருந்தது. செத்துப்போகல அது, குளிர்ல சுருண்டு கிடந்திருக்கு. கை ஒண்ணும் இல்ல. உனக்கு வரும். யாருக்கும் வரும்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அத்தனை வருடக் கையைக் கழற்றிக் கொடுத்ததுபோல இருந்தது அவருக்கு.

மகள் தகட்டிலிருந்து கையை எடுத்தாள். "அப்போ கீழே ஒரு சூடான எடம் பண்ணணும்" என்றாள். "அலமாரிக்குள்ள குண்டு பல்பு ஒண்ணு போட்டுக் கதவை மூடினா?"

"போதும்" என்றார் சால்டரிங். "நானே மாட்டித் தர்றேன்."

"தம்பி, இதை நான் எடுத்துக்கறேன்" என்றார் ரொட்டிக்காரர், சூட்டுப் பெட்டியைக் காட்டி. "மாவு கொட்டுனதுக்காக இல்ல. எனக்கு முதல் நாளே இதுதான் பிடிச்சுது. கறுப்பைத் தூக்கிட்டுப் போயிரு."

சொல்லிவிட்டு நாற்காலியை மேசைக்கு எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இத்தனை நாளும் அது சுவரோரமாகவே கிடந்தது.

*

அலமாரிக்குள் பல்பு வந்தது. பெரியம்மா எழும்பினாள். அடுத்த வாரமே ரொட்டி பழையபடி முறுகிச் சிவந்து வந்தது. தையல்காரம்மா இரண்டு வாங்கிப்போனாள். "கதவுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று மகள் கேட்டாளாம். "கதவு அடிச்சுக்கிட்டே கிடக்கட்டும்" என்றாளாம்.

இதெல்லாம் மனைவி சொல்லித்தான் அவருக்குத் தெரியும். கீழே அவர் போகவில்லை. தாழ்ப்பாள் தேவையில்லாமல் திறந்தே கிடந்தது. நல்லது நடக்கிறது என்று தெரிந்தாலும் மத்தியானங்கள் நீளமாக இருந்தன. பாட்டு ஒரு தட்டு கேட்டார், இரண்டாவதைப் பாதியில் நிறுத்தினார். சூடேறும்போது அறையில் லேசாக ரொட்டி வாசனை வந்தது. அது கொஞ்சம் ஆறுதல்.

ஒருநாள் மகள் சின்ன ஜாடி ஒன்றோடு மேலே வந்தாள். உள்ளே பெரியம்மாவிலிருந்து எடுத்த ஒரு கை மாவு.

"கீழே கரண்டு போனா பல்பு அணைஞ்சிரும். ஒண்ணு கெட்டா ஒண்ணு இருக்கட்டும். இங்க வச்சுக்கலாமா?"

"பொட்டி மேல வேண்டாம். சால்டரிங் தம்பி அடிப்பான்."

"பக்கத்துல. இந்தப் பலகை மேல. சின்ன ஜாடிதானே, நிறையவும் வைக்கல."

"ஊட்டணும்னா மாவு?"

"நீங்க மாவைத் தொட வேண்டாம். நான் குழைச்சு எடுத்துட்டு வருவேன். தினமும்."

கீழே கரண்டு போனால் மேலேயும்தான் போகும். ஒரே மெயின், ஒரே மீட்டர். அது அவருக்கும் தெரியும், இந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த அவளுக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை.

"சரி, வை" என்றார்.

அன்றிலிருந்து பதினோரு மணி வாக்கில், காலைக் கூட்டம் ஓய்ந்ததும், ஒரு கிண்ணத்தில் குழைத்த மாவோடு வருவாள். முன்வாசலிலேயே துணி உதறிக் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாள். ஊட்டுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் உட்காருவாள்.

"இன்னைக்கு மாவு தளதளன்னு இருக்குப்பா. மழைல ஈரம் குடிச்சிருச்சு போல."

"தண்ணிய ஒரு கை குறைச்சுப் பாரு."

"குறைச்சேன்."

"அப்போ சரி."

அவர் இசைத்தட்டை வைத்தார். அந்த அம்மா மூச்சை இழுத்தாள். மகள் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டாள். இரண்டு வரி போனதும், "இவங்க மூச்சு விடறதுகூடக் கேக்குதே" என்றாள்.

"அதுக்குத்தான் இத்தனை சூடு."

பாட்டு முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படியில் இறங்கிப் பாதியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நாளைக்கு நான் வந்தப்புறம் போடுங்க."

மறுநாள் காலை எழுந்ததும் அவர் பெட்டியின் சுவிட்சைப் போட்டார். "இப்பவே எதுக்கு? கரண்டு பில்லு யார் கட்டுறது?" என்றாள் மனைவி. அவர் காதில் வாங்கவில்லை. தட்டைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். படியில் அவள் காலடிச் சத்தம் கேட்கும்வரை பாட்டுப் போடவில்லை.